வலக்கண்ணும் நான் சொன்ன பொய்யும்

காடி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவளின் கண் ஓரிடத்தில் நிற்காது. நடுக்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, பழகுபவரின் கால், ஸ்டியரிங்கில் அவருடைய கை, முன்னால் போகும் லாரி என்று உருண்டுகொண்டே இருக்கும். அதனால்தான் வலி எனக்குச் சீக்கிரம் தெரிந்தது. இரண்டு நாட்களாக வலக்கண்ணைத் திருப்பும்போதெல்லாம், பின்னாலிருந்து யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல் இருந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, செபராங் ஜெயா பக்கம் எங்கள் ஓட்டுநர் பள்ளியின் பயிற்சி மைதானத்தில் இருந்தேன். மைதானத்துக்குள்ளேயே பழகுவதற்கென்று ஒரு சாலை விளக்குக் கம்பம் உண்டு. அன்றைக்கு என்னிடம் காடி பழகிய பெண் சிவப்புக்கு நிறுத்தினாள். என் இடக்கண்ணில் வியர்வை இறங்கியது. அதை மூடித் துடைத்தபடி வலக்கண்ணால் மட்டும் விளக்கைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. மழையில் ஊறிச் சாயம் போன செங்கல் நிறம். இடக்கண்ணைத் திறந்தேன், சிவப்பு. மறுபடி மூடினேன், செங்கல்.

"சிக்கு, பச்ச விழுந்துருச்சு. போகவா?" என்றாள் அந்தப் பெண். எங்கள் ஊரில் காடி சொல்லிக்கொடுப்பவர்களை எல்லாரும் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"போங்க" என்றேன். அன்று மிச்சமிருந்த இரண்டு பேரையும் வேறொருவரிடம் மாற்றிவிட்டு, ஜார்ஜ் டவுனில் உள்ள மருத்துவமனைக்குப் போனேன். தீவுக்குப் போகும் நீண்ட கடல் பாலத்தின் மேல் நானே ஓட்டிக்கொண்டு வந்ததை இப்போது நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. மற்றவர்களுக்குப் பாதுகாப்பு பற்றிப் பத்து வருடம் பேசியவள்.

கண் டாக்டர் ஒரு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை எடுத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் முன்னால் பிடித்தார். "இடக்கண்ணுக்கு இது நூறு மார்க் சிவப்புன்னா, வலக்கண்ணுக்கு எவ்வளவு மார்க் குடுப்பீங்க?"

"அறுவது" என்றேன். கொஞ்சம் தாராளமாகவே கொடுத்தேன்.

எழுத்துப் பலகையில் இடக்கண் கடைசி வரிக்கு முந்திய வரிவரை போயிற்று. வலக்கண் மேலே இருந்த பெரிய எழுத்தைத் தாண்டவில்லை. கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். அன்றே படுக்கையில் சேர்த்து, மூன்று நாள் இரத்தக் குழாய் வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். வாயில் இரும்புச் சுவை. பயங்கரமான பசி. மூன்றாம் நாள் வலி போய்விட்டது. பார்வை வரவில்லை. அது மெதுவாக வரும், வாரக்கணக்கில் ஆகும், டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை காடி ஓட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது.

இரண்டு வாரம் கழித்து நரம்பு டாக்டரைப் பார்க்கப் போனபோது, என் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தார். அவர் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பதறாத மனிதர். எதையும் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் கழித்துத்தான் பதில் சொல்வார். டாக்டர் எங்களைவிடக் கொஞ்சம் மூத்த பெண். தமிழும் ஆங்கிலமும் கலந்து, அவசரமில்லாமல் பேசினார்.

"நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கும், வயருக்கு மேல பிளாஸ்டிக் மாதிரி. உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே அத எதிரின்னு நெனச்சு தாக்கியிருக்கு. சில பேருக்கு இது ஒரு தடவையோட போயிரும், அப்புறம் வாழ்நாள் பூரா ஒண்ணும் வராது. சில பேருக்கு இதுதான் முதல் அடையாளம். பின்னால வேற எடத்துல வரும். அப்ப அதுக்கு மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ்னு பேரு."

என் கணவர் வழக்கம்போல் யோசித்துவிட்டுக் கேட்டார். "இவங்க எந்தப் பக்கம் டாக்டர்?"

"இப்ப என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது. ஆனா எந்தப் பக்கம் சாய வாய்ப்பு அதிகம்னு பாக்கலாம். அதுக்குத்தான் டெஸ்ட். அதுக்கு முன்னால கொஞ்சம் கேள்வி கேப்பேன்."

கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது நரம்பு நோய் உண்டா? இல்லை. இதற்கு முன் கை கால் மரத்துப்போய் நாள்கணக்கில் இருந்ததா? இல்லை. பள்ளியில் படிக்கும்போது கழுத்தில் கட்டி வீங்கி, நெடுநாள் காய்ச்சல் வந்ததா? பதினாறு வயதில் வந்தது, ஒரு மாதம் பள்ளிக்குப் போகவில்லை. அந்த வயதில் உடம்பு பெருத்திருந்ததா? கொஞ்சம். வெயிலில் இருப்பீர்களா? காடிக்குள்தான் இருப்பேன், கறுத்துவிடக்கூடாது என்று கையுறை, முழுக்கைச் சட்டை, தொப்பி. ஒவ்வொன்றையும் அவர் எழுதிக்கொண்டார்.

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

முந்திய கேள்விகளுக்கு எந்தக் குரலில் பதில் சொன்னேனோ அதே குரலில் சொன்னேன். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் அந்தக் கேள்வியைக் காதிலேயே வாங்கவில்லை. அது எனக்கான கேள்வியாக அவருக்குத் தோன்றியிருக்காது.

பதினெட்டு வயதில் ஒரு தொழிற்சாலையின் பெண்கள் விடுதியில் இருந்தபோது பழகியது அது. கல்யாணத்துக்கு முன்னால் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் மாமனாருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. எங்களுக்குக் கல்யாணமான ஏழாம் மாதம் இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சிகரெட் என்ற வார்த்தையையே யாரும் சொல்வதில்லை. யாராவது புகைத்துவிட்டு வந்தால் என் கணவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். நான் ஒரு நாளைக்கு ஐந்து அல்லது ஆறு. மைதானத்தில் டயர்கள் அடுக்கிய கொட்டகைக்குப் பின்னால். பிறகு புதினா மிட்டாய், கை கழுவுதல், வேறு சட்டை. ஒன்பது வருடம் இப்படி ஓடிவிட்டது. ஒரு கட்டத்துக்கு மேல் அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. பல் தேய்ப்பது போல ஒரு வேலையாகிவிட்டது.

ஓட்ட முடியாத நாட்களில் பள்ளி முதலாளி என்னைச் சாலை விதிகள் சொல்லிக்கொடுக்கும் சட்ட வகுப்புக்கு மாற்றினார். காலையில் வேலைக்குப் போகும் வழியில் கணவர் என்னை இறக்கிவிடுவார். ஆனால் மருத்துவமனைக்குப் பகலில் போகவேண்டும், அவருக்கு ஒவ்வொரு தடவையும் விடுப்பு கிடைக்காது. அப்போதுதான் ஒரு அக்கா கூப்பிட்டார்.

கெலுகோரில் எங்கள் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். பல்கலைக்கழக விடுதி ஒன்றின் கேன்டீனில் சமையல் வேலை. ஐம்பது வயதுக்கு மேல் என்னிடம் காடி பழக வந்தார். மூன்று தடவை பரீட்சையில் தோற்று, நான்காவது தடவை தேறினார். தேறி ஒரு மாதம் ஆகியும், சிங்கப்பூரில் இருக்கும் மகன் விட்டுப்போன சின்னக் காடியை வீட்டு வாசலிலிருந்து பாசார் சந்தைவரைதான் ஓட்டியிருந்தார்.

"சிக்கு, நான் உங்கள ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறேன்" என்றார் போனில்.

"அக்கா, ஜார்ஜ் டவுன் டிராபிக்குக்கு உங்களுக்குப் பயமில்லையா?"

"பயம்தான். நீங்க பக்கத்துல இருப்பீங்க இல்ல, அப்புறம் என்னா."

எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டிய நாள் அவர் வந்தார். என் பயிற்சிக் காடியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அவருடைய காடியில் அது இல்லை. ஜெலுத்தோங் நெடுஞ்சாலையில் பத்து நிமிடத்தில் என் வலது கால் அந்தத் தரை விரிப்பை நூறு தடவை மிதித்திருக்கும். எல்லாரும் எங்களைத் தாண்டிக்கொண்டு போனார்கள். ஒரு மோட்டார்சைக்கிள்காரர் பக்கத்தில் வந்து எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

"அக்கா, கொஞ்சம் வேகமா போலாம்."

"நாப்பதுல போறேன் லா, போதாதா?"

"இந்த ரோட்டுல நாப்பதுல போனாத்தான் ஆபத்து."

அவர் ஐம்பதுக்கு ஏற்றினார். வாயை இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. கண் போனதிலிருந்து அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் நாற்பது நிமிடம். பிறகு இன்னொரு நாள் முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அந்த நீரில் ஒருவகைப் புரதக் கோடுகள் இருந்தால் நோய் தொடர வாய்ப்பு கூடுதலாம். இரத்தமும் நிறைய எடுத்தார்கள். நம் பக்கத்து மக்களுக்கு இதே மாதிரி கண்ணில் தொடங்கும் வேறொரு நோயும் வருவதுண்டு, அதற்கு மருந்தே வேறு, அதனால் முதலில் அது இல்லை என்று தெரியவேண்டும் என்று டாக்டர் விளக்கினார். ஊசிக்குப் பிறகு தலைவலி வராமல் இருக்கப் பின் இருக்கையில் படுத்துக்கொண்டு வந்தேன். அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

"என்னைப் பாக்காதீங்க அக்கா, ரோட்டப் பாருங்க."

கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார். "சிக்கு, டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?"

"எல்லாம்னா?"

"உங்க காடியில எப்பவும் புதினா வாசன வரும். அதுக்கு அடியில இன்னொரு வாசன. நான் அடுப்படியில நிக்கிறவ சிக்கு, எனக்கு மூக்கு நல்லாவே வேல செய்யும்." அதோடு நிறுத்திக்கொண்டார். புத்தி சொல்லவில்லை. அடுத்த விளக்கில் இஞ்சின் நின்றுபோய், பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். நான் படுத்தபடியே, "கிளட்ச், சாவி, மெதுவா" என்று சொல்லிக்கொடுத்தேன்.

முடிவுகளைக் கேட்கப் போனபோது கணவரும் வந்தார். அதற்குள் வலக்கண்ணில் பார்வை பாதிக்குமேல் திரும்பியிருந்தது. டாக்டர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என் மூளை சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அதில் இரண்டு சின்ன வெள்ளைப் புள்ளிகள்.

"இது ரெண்டும் எப்ப வந்துச்சுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. முதுகுத் தண்டு நீருல அந்தக் கோடுங்க இல்ல, அது நல்ல செய்தி. அந்த இன்னொரு நோயும் இல்ல. ஆனா புள்ளியே இல்லாதவங்களவிட, புள்ளி இருக்கிறவங்களுக்கு அடுத்தது வர வாய்ப்பு அதிகம். வயசு, பொம்பளயா இருக்கிறது, அந்த பழைய காய்ச்சல், இதெல்லாம் நம்ம மாத்த முடியாது. விட்டமின் டி ரொம்பக் கொறவா இருக்கு, அத ஏத்தலாம்."

"இந்த வெயில் ஊருலயா?" என்றார் என் கணவர்.

"இந்த வெயில் ஊருலதான். எல்லாரும் உள்ளயே இருக்கோம்." டாக்டர் சிரித்தார். பிறகு என் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நம்ம கையில இருக்கிறதுல பெருசு சிகரெட்தான். அது உங்களுக்கு இல்ல. அதனால அதப்பத்தி நான் பேச வேணாம்."

என் கணவர் தலையாட்டினார். ஒரு நல்ல செய்தியை ஏற்றுக்கொள்ளும் தலையாட்டல் அது. அவர் என் கையைப் பிடித்திருந்தார். டாக்டர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார், ஆறு மாதத்தில் மறுபடி எம்.ஆர்.ஐ. என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. இந்த அம்மாள் என் மூளையைப் பார்த்துவிட்டார், என் முதுகுத் தண்டு நீரைப் பார்த்துவிட்டார், நான் ஒரு உண்மையை மட்டும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், என் பொய்யை வைத்துத்தான் இவர் கணக்குப் போடுகிறார் என்று தோன்றியது.

"டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். "பிடிப்பேன். ஒரு நாளைக்கு அஞ்சு, ஆறு. பதினஞ்சு வருஷமா."

டாக்டர் முகம் மாறவில்லை. பேனாவை எடுத்து அந்தப் பழைய பதிலை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, புதியதை எழுதினார். என் கையைப் பிடித்திருந்த கை விலகவில்லை. ஆனால் அதில் உயிர் இல்லாததுபோல் இருந்தது.

"இதனாலதான் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஒரு ஆள வச்சு அப்படிச் சொல்ல முடியாது. பிடிக்கிறவங்க எத்தனையோ பேருக்கு இது வரல. பிடிக்காதவங்களுக்கும் வந்திருக்கு. கூட்டமா வச்சுப் பாத்தா, பிடிக்கிறவங்களுக்கு வாய்ப்பு அதிகம், வந்தா வேகமும் அதிகம். நடந்ததுக்கு உங்களக் குத்தம் சொல்ல எனக்கு இது வேணாம். இனிமே என்ன பண்ணலாம்னு பாக்கத்தான் வேணும். இப்பவாவது சொன்னீங்களே."

திரும்பி வரும்போது கணவர்தான் ஓட்டினார். இடப்பக்கம் தெரியும் கடலை அவர் பார்க்கவில்லை, அதே பக்கம் உட்கார்ந்திருந்த என்னையும் பார்க்கவில்லை. அன்றும் மறுநாளும் தேவைக்கு மட்டும் பேசினார். சாப்பாடு ஆச்சா, சாவி எங்கே. மூன்றாம் நாள் மாலை, துணி காயப்போடும் பால்கனியில் நான் நின்றுகொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றார்.

"எங்க வச்சுப் பிடிப்ப?"

சொன்னேன். டயர் கொட்டகை, மிட்டாய், சட்டை, எல்லாம்.

"ஒம்போது வருஷம் சட்ட மாத்தியிருக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்காக அவ்வளவு வேல."

"உங்க அப்பாவ நெனச்சுத்தான் சொல்லல."

அவர் கொடியில் கிடந்த ஒரு சட்டையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு சொன்னார். "அப்பா கடைசியா படுத்திருந்தாரு இல்ல, அப்ப அவருக்கு சிகரெட் வாங்கிக் குடுத்தது யாருன்னு தெரியுமா? அம்மா அண்ணன சந்தேகப்பட்டாங்க. அண்ணன் இல்ல. நான்தான். தெனமும் ஒண்ணு. கேட்டாரு, மாட்டேன்னு சொல்ல முடியல. யாருகிட்டயும் சொன்னதில்ல."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கீழே கார் நிறுத்தும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் புகைத்துவிட்டு வந்தால் அவர் ஏன் எழுந்து போவார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெறுப்பு என்று நினைத்திருந்தேன்.

"சரி" என்றார் கடைசியில். "எப்படி விடுறது? அதுக்கு என்னமோ கிளினிக் இருக்காமே."

இருந்தது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள். தோலில் ஒட்டும் பட்டையும் மெல்லும் பசையும் கொடுத்தார்கள். அங்கே ஒரு மிஸ்ஸி, எங்கள் ஊரில் தாதியை அப்படித்தான் சொல்வோம், ஒரு குழாயில் ஊதச் சொல்லி, மூச்சில் புகை எவ்வளவு என்று காட்டும் எண்ணைப் பார்ப்பார். பொய் சொல்ல வழியே இல்லாத இடம். முதல் மாதம் நான் மனுஷியாக இல்லை. சட்ட வகுப்பில் ஒருவர் கைப்பேசியைப் பார்த்ததற்கு அழும் அளவுக்குத் திட்டிவிட்டு, பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாம் மாதம் ஒரு நாள் டயர் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒன்றைப் பற்றவைத்தேன். பாதியில் அணைத்துவிட்டு, அங்கேயே நின்று கணவருக்குப் போன் செய்து சொன்னேன்.

"சரி, அணைச்சிட்ட இல்ல. சாயந்திரம் பேசலாம்" என்றார். சாயங்காலம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆப்பம் வாங்கி வந்திருந்தார். அதற்குப் பிறகு நான் பிடிக்கவில்லை.

விட்டமின் டி மாத்திரை எடுத்தேன். கையுறையைத் தூக்கிப்போட்டேன். காலையில் பத்து நிமிடம் மைதானத்தைச் சுற்றி நடந்தேன். கண் டாக்டர் மூன்றாம் மாதம் எழுதிக் கொடுத்தார், மறுபடி ஓட்டலாம் என்று. முதல் நாள் என்னிடம் பழக வந்தவரை முதலில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் தனியாக மைதானத்தை மூன்று சுற்று சுற்றினேன். அந்தப் பையன் என்ன நினைத்தானோ தெரியாது.

ஆறாம் மாதம் எம்.ஆர்.ஐ.யில் புதிய புள்ளி இல்லை. நான் தப்பித்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன். சிகரெட்டை விட்டேன், மாத்திரை சாப்பிட்டேன், என் பங்கைச் செய்துவிட்டேன், அதனால் எனக்கு வராது. இப்படி ஒரு ஒப்பந்தம் யாரோடும் போடவில்லை. ஆனால் போட்டதாகவே நம்பினேன்.

அதனால்தான் ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் கழுத்துப் பக்கத் தண்டுவடத்தில் ஒரு புதிய புள்ளியை டாக்டர் காட்டியபோது, பயத்தைவிட முதலில் வந்தது ஏமாற்றம். எனக்கு அறிகுறி எதுவும் இல்லை. நன்றாகத்தான் இருந்தேன். ஆனால் வேறு இடத்தில், வேறு காலத்தில் ஒன்று வந்துவிட்டது. இனி அதற்குப் பெயர் உண்டு.

"அப்ப நான் விட்டது வீண்தானே டாக்டர்?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க அத பரீட்ச மாதிரி நெனக்கிறீங்க. பாஸ், ஃபெயில்னு. அப்படி இல்ல. இந்த நோய் வந்த பின்னாடியும் அதே விஷயங்க எல்லாம் வேல செய்யும். பிடிக்காதவங்களுக்கு நோய் மெதுவா போகும், மருந்தும் நல்லா கேக்கும். உங்கள நாங்க தொடர்ந்து பாத்துட்டு இருந்ததால, நடக்க முடியாம போயி வரல, ஒண்ணும் தெரியாத கட்டத்துலயே பிடிச்சிட்டோம். இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கலாம். என் மேசைக்கு இந்தக் கட்டத்துல வர்றவங்க கொஞ்சம் பேருதான்."

அன்று காடியில் நான் அழுதேன். கணவர் வண்டியை எஸ்பிளனேட் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். கடலோரம் கொஞ்ச நேரம் நடந்தோம். "ரெண்டு காலும் நல்லாத்தானே நடக்குது" என்றார் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு. அவருக்கு வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதற்கே எனக்கு அழுகை நின்றுவிட்டது.

மருந்து தொடங்கி இப்போது இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகிறது. முதல் மாதங்களில் வயிற்றைப் புரட்டியது, பிறகு பழகிவிட்டது. கடுமையான வெயிலில் நிற்கும்போது வலக்கண் கொஞ்ச நேரம் மங்கும், நிழலுக்கு வந்தால் சரியாகிவிடும். மாலையில் சீக்கிரம் களைத்துப்போகிறேன், அதனால் மதியத்துக்குமேல் ஆள் எடுப்பதில்லை. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களிலும் புதிய புள்ளி இல்லை. இனி வராது என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

கேன்டீன் அக்கா இப்போது பாலத்தைத் தாண்டி ஓட்டுகிறார். போன பெருநாள் விடுமுறையில் ஈப்போவரை போய் வந்தாராம். எழுபதில் போனேன் என்றார். எண்பதில் போயிருப்பார், என்னிடம் குறைத்துச் சொல்கிறார்.

சென்ற வாரம் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது, பக்கத்து இருக்கைகளில் ஒரு தம்பதி இருந்தார்கள். அந்தக் கணவருக்கு நாற்பது வயது இருக்கும். மனைவி மடியில் மருத்துவமனைக் கோப்பு, அதன் மூலையைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். நான் தமிழில் போன் பேசுவதைக் கேட்டுவிட்டு அந்தக் கணவர்தான் முதலில் பேசினார். ஒரு மாதத்துக்கு முன்னால் அவருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதாம். இப்போது தேவலாம். எனக்கு வந்த அதே எம்.எஸ். ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அந்த ஆகலாம்ங்கிறதுதான் அக்கா தாங்க முடியல" என்றார் மனைவி. "ஆகும்னு சொல்லட்டும், ஆகாதுன்னு சொல்லட்டும்."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்றேன். "எனக்கு ஆயிருச்சு."

சொன்ன பிறகுதான் அது அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. அந்தப் பெண் கோப்பை அப்படியே பிடித்துக்கொண்டார். அவர் கணவர் என் கால்களைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார், நாற்காலிக்குப் பக்கத்தில் தடி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்.

"எப்படி வந்தீங்க?" என்று கேட்டார்.

"காடி ஓட்டிட்டு. காலையில ரெண்டு பேருக்குப் பாடம் எடுத்துட்டு வந்தேன்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "டாக்டர் உள்ள என்னெல்லாம் கேப்பாங்க?" என்றார்.

கேட்பதையெல்லாம் சொன்னேன். பழைய காய்ச்சல், குடும்பம், வெயில், எடை, சிகரெட். கடைசி வார்த்தைக்கு அவர் கண் ஒரு கணம் மனைவி பக்கம் போய்த் திரும்பியது. நான் அதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது, அவர் கதவருகே நின்று மனைவியிடம் குனிந்து ஏதோ சொன்னார். அந்தப் பெண் அவர் தோளில் லேசாக ஓர் அடி வைத்துவிட்டு, "தெரியும்லா, வாங்க" என்றார். இருவரும் உள்ளே போனார்கள்.